உடையாத நுனி

"உடையாத நுனி ஒண்டு செய்யோணும், ரீச்சர். பழக்கித் தாங்கோ."

தவபாலன் இதைச் சொன்னபோது தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. தோளில் பனி அப்படியே கிடந்தது. சாக்கில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

துஷ்யந்தி மரம் சீவிக்கொண்டிருந்தாள். சீவுளியை நிறுத்தவில்லை.

"உடையாத சாமான் நான் செய்யிறேல்லை, அண்ணை. இடம் மாறி வந்திட்டீங்கள்."

"மாறேல்லை. உங்களிட்டைத்தான் போகச் சொன்னவை."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்."

"எல்லாரும் சொன்னால் அது பிழையாத்தான் இருக்கும். கதவைச் சாத்துங்கோ, குளிர் வருது."

அவர் கதவைச் சாத்தினார். ஆனால் உள்ளே நின்றுகொண்டு சாத்தினார்.

அப்படித்தான் அவர் சீடரானார்.

*

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்து நான்கு. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வந்தால் வரட்டும்.

வடநோர்வேயின் அந்தக் கரையோர ஊரில் பனிச்சறுக்குப் பலகையைக் கையால் செய்பவள் அவள் ஒருத்திதான். நாலு வயதில் தாயின் இடுப்பில் வந்து இறங்கியவள். கிழமை நாட்களில் பலகை செய்வாள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிப்பாள். அதனால் ஊர்த் தமிழர் எல்லோருக்கும் அவள் ரீச்சர்.

தவபாலன் ஊரில் பைபர் வள்ளம் கட்டியவர். இங்கே வந்து இருபத்து மூன்று வருடம் மீன் தொழிற்சாலையில் வேலை. பிசினும் கண்ணாடி நார்த் துணியும் அவருக்குப் பழகின சாமான்கள்தான். பலகைதான் புதிது.

பலகையில் விளங்காத விஷயம் ஒன்றும் இல்லை. முன்னால் வளைந்து நிமிர்ந்திருப்பது நுனி. பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது வால். நடுவில் மனிதன் நிற்பான்.

*

சாக்கை அவிழ்த்தார்.

ஒற்றைப் பலகை. நுனியில் ஒரு சாண் இல்லை.

"மகன்ரை" என்றார்.

அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். நிரோஜன், இருபத்து மூன்று வயது. இரண்டு பனிக்காலத்துக்கு முன் தனியாக மலைக்குப் போனவன். நாலாம் நாள் உடலைக் கண்டெடுத்தார்கள்.

"நுனி கல்லிலை அடிபட்டு முறிஞ்சுது. அதாலைதான் போனவன்."

யார் கேட்டாலும் அவர் இந்த இரண்டு வசனத்தைத்தான் சொல்வார். ஒரு சொல் கூடாது, குறையாது.

"இப்ப பலகை ஆருக்கு?"

"மகளுக்கு."

"ஜனனிக்கோ?"

"ஓம். மீட்புக் குழுவிலை சேர்ந்திட்டாள். அண்ணனைத் தேடிப் போன அதே குழு. போகாதை எண்டால் கேக்கிறாள் இல்லை." அவர் தொப்பியைக் கழற்றினார். "தாயும் இல்லாத பிள்ளை. அவளையும் குடுத்திட்டு என்னாலை இருக்கேலாது, ரீச்சர்."

துஷ்யந்தி பலகையை வாங்கினாள். பெருவிரலால் அதன் நீளத்துக்கும் ஒரு தடவை தடவினாள். திருப்பிக் கொடுத்தாள்.

"அடியைப் பாருங்கோ."

"பாத்து?"

"பாத்திட்டுச் சொல்லுங்கோ."

*

அவர் பார்த்தார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் பலகையைக் கிடத்தி, மேலே விளக்கைப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நுனி முறிந்த இடம், கல் பட்ட இடம், இரும்பு விளிம்பு கழன்ற இடம். கொப்பி வாங்கிப் படம் கீறினார்.

மூன்று கிழமை கழித்து வந்து சொன்னார்.

"கல் இடப்பக்கத்தாலை பட்டிருக்கு. கொஞ்சம் கீழையிருந்து மேலை. மரத்துக்கும் நார்த் துணிக்கும் நடுவிலை பிசின் போதாது."

"அடியைப் பாத்தனீங்களோ?"

"அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறன்."

"இன்னும் பாருங்கோ."

அவருக்கு எரிச்சல் வந்தது. குருவிடம் காட்ட முடியாத எரிச்சல். வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணிக் கேத்தலிடம் காட்டினார்.

*

பட்டறைச் சுவரில் முறிந்த நுனிகளை ஆணியடித்து மாட்டியிருந்தாள். ஐம்பது அறுபது இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர் எழுதியிருந்தது.

"இதெல்லாம் உங்கடை பலகையளோ?"

"ஓம்."

"இவ்வளவும் உடைஞ்சதோ?"

"ஓம்."

"மறைச்சு வைக்கிறதை விட்டிட்டுச் சுவரிலை மாட்டியிருக்கிறீங்கள்?"

"போட்டு ஓடினவையள் தாங்களே நேரை வந்து தந்தது, அண்ணை. வாங்கி வைக்காமல் என்ன செய்யிறது?"

தவபாலன் தலையாட்டினார். மனதுக்குள், இவளிடமா பழக வந்தோம் என்று நினைத்தார்.

அவள் தன் பலகைகளின் நுனியில் மரத்துக்கும் நார்த் துணிக்கும் நடுவே றப்பர் வைப்பாள். நுனியைப் பிடித்து வளைத்தால் வளையும். ஓரளவுக்கு மேல் வளைத்தால், ஒரு கோட்டில், அந்த இடத்தில் மட்டும் கழன்று போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கழன்று போகிற நுனி ஒரு நுனியா?

*

முதல் சோடியைத் தை மாதம் செய்து முடித்தார். நுனிக்குள் உருக்குத் தகடு. அதற்கு மேல் நாலு படை நார்த் துணி.

பட்டறைக் கூரையில் இரும்புக் குண்டு ஒன்று கயிற்றில் தொங்கும். பலகையை மேசையில் பூட்டிக் குண்டை இழுத்து விட்டால், அது வந்து நுனியில் மோதும்.

துஷ்யந்தி குண்டை விட்டாள்.

நுனிக்கு ஒன்றும் இல்லை. தவபாலன் சிரிக்க வாயெடுத்தார். பின்னால் சடாரென்று ஒரு சத்தம். வால் பிளந்து படை படையாக உரிந்து நின்றது.

"அடி எங்கை போச்சு?" என்று அவள் கேட்டாள்.

"வாலுக்கு."

அடுத்த சோடியில் வாலுக்கும் தகடு வைத்தார். வாலுக்கும் நாலு படை.

குண்டு மோதியது. நுனி நின்றது. வாலும் நின்றது. நடுவில், கால் வைக்கிற இடத்தில், மெல்லிசாக ஒரு நெறிவு கேட்டது. அவள் பலகையைக் கழற்றி முழங்காலில் வைத்து அமத்தினாள். இரண்டாகப் போனது.

"அடி எங்கை போச்சு?"

"நடுவுக்கு."

மூன்றாவது சோடியில் நடுவையும் விடவில்லை. தகடு இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஓடியது. தூக்கிப் பார்த்தால் கை இறங்கும்.

குண்டு மோதி, திரும்பி, விட்டவளின் தோளை உரசிக்கொண்டு போனது. பலகை அப்படியே இருந்தது.

"இனி உடைய ஒண்டும் இல்லை" என்றார் தவபாலன். மகன் போன பிறகு அவர் குரலில் சந்தோசம் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இருக்கு" என்றாள் துஷ்யந்தி.

"என்ன இருக்கு?"

அவள் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

*

வீட்டில் அப்பாவும் மகளும் இரண்டு பேர்தான். மேசையைச் சுற்றி நாலு கதிரை.

"அப்பா, அண்ணாவைப் பற்றி ஒண்டு..."

"அந்தக் கதை வேண்டாம், பிள்ளை. சாப்பிடு."

இது மாதத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். ஜனனி தலையைக் குனிந்து சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்துக் கோப்பையைக் கழுவும்போது கேட்பாள்.

"நீங்கள் சுகமா இருக்கிறீங்களோ?"

"எனக்கென்ன?"

அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் இல்லை. செத்த வீட்டில் அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். ஐயருக்கு வேட்டி தேடிக் கொடுத்தார். ஆள் இரும்பு என்று சனம் சொன்னது. அதை அவர் ஒரு நற்சாட்சிப் பத்திரம் போல வாங்கி வைத்துக்கொண்டார்.

பொலிஸ்காரர் வந்து, நடந்ததை நோர்வேஜிய மொழியில் நெடுகச் சொன்னார். நுனி முறிந்திருந்தது என்று தொடங்கினார். அதோடு தவபாலன் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மிச்சத்தை ஜனனி இருந்து கேட்டாள். காகிதத்தில் கையெழுத்து வைத்ததும் அவள்தான். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

*

"நாலு மாதமா என்ன பாத்தனீங்கள், அண்ணை?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு துஷ்யந்தி கேட்டாள். மகனின் பலகை சாக்கோடு மூலையில் சாத்தியிருந்தது.

"அடியை."

"எந்த அடியை?"

"இதென்ன கேள்வி? அடி பட்ட இடத்தை."

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான் சொன்னது அந்த அடி இல்லை."

சாக்கை உரித்து, பலகையை மல்லாத்திப் போட்டாள்.

"இந்த அடி."

"அடிப்பக்கமோ?"

"ஓம்."

"அடிப்பக்கம் எண்டு சொல்லியிருக்கலாமே!"

"என்ரை இரண்டாம் வகுப்புப் பிள்ளையளுக்கு அடி எண்டால் விளங்குது."

நல்ல கூத்துத்தான். தமிழ் ஊரில் பிறந்து வளர்ந்தவர் ஒரு சொல்லில் வழுக்கி விழுந்து நாலு மாதம் கிடந்திருக்கிறார். தூக்கிவிட்டவள் நோர்வேயில் நாலு எழுத்துப் படித்தவள். ஆனால் அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அடி என்றால் அவருக்கு வேறு எதுவும் நினைவுக்கு வருகிற காலம் இல்லை அது.

அவர் குனிந்து பார்த்தார்.

கறுத்த அடிப்பக்கம் முழுக்கக் கீறல். நுனி முறிந்த வாயிலிருந்து கால் வைக்கிற இடம் வரைக்கும் ஒரே திசையில் நூறு கீறல். முறிந்த வாயில் மேல்பக்கம் நார் குத்திக்கொண்டு நின்றது. கீழ்ப்பக்கம் அப்படி இல்லை. பழைய ஈர்க்குமாறு போல மழுங்கித் தேய்ந்து கிடந்தது.

வள்ளம் கட்டியவருக்குத் தேய்மானம் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது உடைஞ்சாப் பிறகு தேய்ஞ்சது" என்றார் மெதுவாக.

"ஓம்."

"உடைஞ்ச பலகையோடை வந்திருக்கிறான்."

"ஓம்."

"எவ்வளவு தூரம்?"

"இவ்வளவு தேய்றதெண்டால் ஆறேழு கிலோமீற்றர். கூடவும் இருக்கலாம்."

"கால் முறியாமலோ?"

"கால் முறிஞ்சவன் அவ்வளவு தூரம் வரமாட்டான், அண்ணை."

அவர் முறிந்த வாயை விரலால் தடவினார். பிறகு பலகையைச் சாக்கில் சுற்றினார். கயிறு கட்டினார். கட்டின முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"நுனி கல்லிலை அடிபட்டு முறிஞ்சுது" என்றார். "அதாலைதான் போனவன்."

துஷ்யந்தி கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

*

யாருக்கும் அவர் சொல்லாத ஒன்று இருந்தது.

நிரோஜன் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மலை வழிகாட்டியாகப் போனான். அப்பாவுக்கும் மகனுக்கும் பெரிய சண்டை. இந்த நாட்டில் மீன் வெட்டி வெட்டி உன்னைப் படிப்பித்தது பனியில் வழுக்கி விளையாடவா என்று கேட்டார். அவனும் ஏதோ சொன்னான். இனி எனக்குப் போன் அடிக்காதே என்று சொல்லிவிட்டார். கோபத்தில் எந்தத் தகப்பனும் சொல்கிறதுதான்.

பதினொரு நாள் அவன் அடிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள், தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரம், போன் அடித்தது. மகனின் பெயர் வந்தது. எடுக்கவில்லை. பாண் துண்டைக் கடித்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. கவிழ்த்து வைத்தார். பிறகு போனையே அணைத்து விட்டார். பின்னேரம் வேலை முடிந்து போட்டுப் பார்த்தபோது மலையில் பனிப்புயல் என்று செய்தி வந்திருந்தது.

கீழே ரோட்டுக்குக் கார் கொண்டு வரச் சொல்லத்தான் அடித்திருப்பான். வேறு எதற்கு? நுனி இல்லாத பலகையோடு எவ்வளவு தூரம் வருவான்?

அந்தக் கேள்விக்கு ஆறேழு கிலோமீற்றர் என்று இப்போது ஒரு விடை கிடைத்துவிட்டது.

அந்தக் கிழமை முழுக்க அவர் மூன்றாவது சோடிக்கு மேல் இன்னும் ஒரு படை நார்த் துணி ஒட்டினார். அது தேவையே இல்லை. அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒட்டினார்.

*

ஞாயிறு மதியம் ஜனனி பலகை எடுக்க வந்தாள். வானம் சாம்பல் நிறமாக இறங்கிக் கிடந்தது. முதுகில் மீட்புக் குழுவின் சிவப்புப் பை.

பட்டறைக்குப் பின்னால் ஒரு சரிவு. சரிவின் முடிவில் இடுப்பளவு உயரக் கல். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பலகை செய்தவர் முதலில் அதைக் காலில் கட்டிச் சரிவில் இறங்கி, கல்லில் முட்ட வேண்டும். பிறகுதான் முத்திரை.

துஷ்யந்தி தன்னுடைய பலகை ஒன்றைக் கட்டிக்கொண்டு முதலில் போனாள்.

கல்லில் முட்டினாள். நுனி கழன்று பறந்தது. அவள் ஒரு பக்கமாய்ச் சுருண்டு பனிக்குள் புதைந்தாள். எழுந்தாள். கழுத்துக்குள் போன பனியை உதறினாள். நுனியைத் தேடி எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

"பாத்தனீங்களோ?"

"உடைஞ்சு போச்சு" என்றார் தவபாலன்.

"எது?"

"பலகை."

"நான்?"

அவர் குனிந்து தன் பூட்சைப் பலகையில் பூட்டத் தொடங்கினார். குதியைச் சுற்றிப் பிடிக்கிற கம்பிவடம் அது. இறுக்கினால் விழுந்தாலும் விடாது.

"உங்கடையிலை நான் போறன், அண்ணை. தாங்கோ."

"செய்தவன் நான்."

"அப்ப வடத்தைத் தளத்துங்கோ. கழரட்டும்."

"கழண்டால் அது என்ன பலகை?"

"அப்பா, வேண்டாம்" என்றாள் ஜனனி. "எனக்கு இது தேவையில்லை. என்னட்டைப் பலகை இருக்கு."

"உன்ரை பலகை உடையும்."

"உடையட்டுமே."

"நான் முட்டிக் காட்டினால் இதைப் போடுவியோ?"

அவள் துஷ்யந்தியைப் பார்த்தாள். துஷ்யந்தி கையிலிருந்த நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு ஒண்டும் நடக்காட்டில் போடுறன்" என்றாள் ஜனனி.

தவபாலன் வடத்தை இன்னும் ஒரு பல் இறுக்கினார்.

*

ஐம்பது மீற்றர் தூரம்கூட இராது. அவருக்குப் பலகையில் ஓடி அவ்வளவு பழக்கம் இல்லை. ஆனால் இவ்வளவு பாரமான பலகைக்கு ஓட்டுபவரின் பழக்கம் தேவைப்படவில்லை. அது நேராகப் போனது.

கல்லில் முட்டியது.

நுனி உடையவில்லை. வால் உடையவில்லை. நடு உடையவில்லை. வடம் கழரவில்லை.

காய்ந்த தடியை முறித்த மாதிரி ஒரு சத்தம் மட்டும் மேலே நின்ற இரண்டு பேருக்கும் கேட்டது.

*

ஜனனி எப்படி வந்தாள் என்று அவருக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். சிவப்புப் பை திறந்திருந்தது. இடது கால், கணுக்காலுக்கு மேலே, கால் போகிற திசையில் இல்லை.

"அசையாதேங்கோ."

துஷ்யந்தி அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு இறங்கி வந்தாள். வடத்தை வெட்டி, பலகையை எடுத்து நிமிர்த்தினாள். நுனியைக் கையால் துடைத்துப் பார்த்தாள்.

ஒரு கீறல் இல்லை.

அதை அவருக்குத் தெரிகிற மாதிரி பனியில் குத்தி நிறுத்திவிட்டு, தன் குளிரங்கியைக் கழற்றி அவருக்குப் போர்த்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு மேலே ஏறிப் போனாள், அம்புலன்சுக்கு வழி காட்ட.

"நோகுதோ, அப்பா?"

எனக்கென்ன என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"ஓம்" என்று வந்தது.

"எங்கை?"

அவர் முகம் கோணியது. இரண்டு வருடமாய் எங்கேயோ கிடந்த அழுகை முதலில் மூச்சுத் திணறலாகத்தான் வந்தது. சத்தம் பிறகு வந்தது. ஒரு பெரிய மனிதன் பனியில் மல்லாந்து கிடந்து, வாயைத் திறந்து, வெட்கமில்லாமல் அழுதார். ஜனனி அந்தச் சத்தத்தைத் தன் வாழ்க்கையில் கேட்டதில்லை. கையை நிறுத்தாமல் காலுக்கு மட்டை வைத்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ. இப்ப கட்டிடுவன். நோ குறையும்."

"கால் இல்லை, பிள்ளை."

"கதைக்காதேங்கோ."

"கதைக்கோணும்."

அவள் பட்டியைச் சுற்றினாள்.

"அண்ணன் நுனி உடைஞ்சு சாகேல்லை."

அவள் பட்டியைச் சுற்றினாள்.

"அவன் உடைஞ்ச பலகையோடை கன தூரம் வந்தவன். எனக்கு... அண்டைக்கு எனக்குப் போன் அடிச்சவன், பிள்ளை. நான் கையிலை வைச்சுக்கொண்டு எடுக்கேல்லை. ரெண்டு தரம் அடிச்சவன்."

ஜனனியின் கை நின்றது.

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மட்டைக்கு மேலே, பட்டியின் நுனியைப் பிடித்தபடி இருந்தாள். பொலிஸ்காரர் அண்ணனின் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவள் கையில்தான் கொடுத்திருந்தார். அதைத் திறந்து பார்த்தவளும் அவள்தான்.

"ரெண்டு இல்லை, அப்பா" என்றாள். "மூண்டு."